நாற்பது ஓம்

மனிதர்களில் இரண்டே வகைதான் என்பது தட்சிணாமூர்த்தியின் தீர்மானம். என்ஜினியரிங் படித்தவர்கள் ஒரு வகை, மற்றதெல்லாம் மண்ணாங்கட்டி. சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவர் அவர். வயர்மேன் வேலைக்கான செய்முறைத் தேர்வு நடத்தக் கடலூருக்கு வரும் நாட்களில்தான் இந்த இரண்டாவது வகையைக் கும்பலாகப் பார்க்க நேரும். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போதே அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும்.

பதினொரு வருடமாக அவர் வைப்பது ஒரே கேள்வி. பலகையில் நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று இருக்கும். அதை எரியவிட்டு, வோல்டேஜையும் கரண்டையும் மீட்டரில் பார்த்து எழுத வேண்டும். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் பல்பின் தடை எத்தனை ஓம் என்று வரும். இரண்டையும் பெருக்கினால் பவர் எத்தனை வாட்ஸ் என்று வரும். ஐந்து நிமிட வேலை.

அவர் விடையைச் சரிபார்க்கும் விதமே தனி. காலையில் வந்ததும் பல்பைக் கழற்றி மேசைமேல் வைப்பார். தன் ஜப்பான் மல்டிமீட்டரைப் பூப்போல வெளியே எடுத்து, இரண்டு முனையிலும் ஊசியை வைத்து அளப்பார். நாற்பது ஓம் காட்டும். ஜப்பான்காரன் பொய் சொல்வானா? தாளின் கடைசி வரியில் தடை நாற்பது என்று இருந்தால் பாஸ். இல்லையென்றால் பெயில், பதிவேட்டின் காரணப் பத்தியில் 'தடை தவறு' என்று இரண்டு வார்த்தை. மேலே போட்டிருக்கும் கணக்கை வரிவரியாகப் படிப்பதெல்லாம் சின்ன வாத்தியார்கள் வேலை என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் அவர் ஒருநாளும் கணக்கைப் படித்ததில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலில் வந்தவள் சிந்துஜா. குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆறு வருடமாக எலெக்ட்ரிகல் ஹெல்பர். இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் வேலை நிரந்தரம். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை அவரே அவளைப் பெயிலாக்கியிருந்தார்.

"மூணாவது தடவையா? ஒனக்கெல்லாம் எதுக்கும்மா இந்த வேல?" என்று தாளை வாங்கினார். கடைசி வரியில் தடை ஐந்நூற்று முப்பத்தைந்து என்று இருந்தது. சிரித்துவிட்டார். "நாப்பது எங்க, ஐந்நூத்து முப்பத்தஞ்சு எங்க? வகுக்கக்கூட தெரியாதா?"

"இருநூத்து முப்பது வோல்ட்டு சார். பாயிண்ட் நாலு மூணு ஆம்ப்ஸ். நீங்களே வகுத்துப் பாருங்க."

"நான் வகுக்கணுமா? என் மீட்டர் சொல்லுது, நாப்பதுன்னு."

"நாப்பது ஓம்னா இந்த பல்பு அஞ்சே முக்கால் ஆம்ப்ஸ் இழுக்கணும் சார். ஆயிரத்து முன்னூறு வாட்ஸ்க்கு மேல வருது. பல்புல நூறுன்னுதான போட்டிருக்கு? இந்த பலகைல இருக்கறது ரெண்டு ஆம்ப்ஸ் எம்சிபி. அவ்ளோ இழுத்தா எப்பவோ விழுந்திருக்கும். காலையிலேருந்து ஜம்முனு எரியுது."

தட்சிணாமூர்த்தி குனிந்து, கரண்ட் கூடினால் தானே விழும் அந்த எம்சிபி சுவிட்சைப் பார்த்தார். இரண்டு ஆம்ப்ஸ் என்றுதான் போட்டிருந்தது.

"நீங்க அளந்தது ஆறிப்போன பல்பு சார். எரியறப்ப உள்ள இருக்கற கம்பி பழுக்கக் காயுது, தடை ஏறிடுது. அதனாலதான எரியவிட்டு அளக்கச் சொல்றாங்க?"

இதை அவரே வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். சூடு ஏறினால் உலோகத்தின் தடை ஏறும். ஐந்து மார்க் கேள்வி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மற்றவர்களைப் பற்றி அவர் அடிக்கடி சொல்லும் பழமொழி.

"அப்ப மத்தவங்களுக்கெல்லாம் எப்படி நாப்பது வருது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வரல சார். எழுதுறாங்க. சிதம்பரத்து சார் வந்தா கடைசி வரில நாப்பதுன்னு போட்டுடு, வேற ஆளு வந்தா கணக்கு போடுன்னு கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துடுவாங்க. செம்மங்குப்பம் வரைக்கும் எல்லா ஹெல்பருக்கும் தெரியும்."

"நீ ஏன் எழுதல?"

"எழுதத்தான் பேனாவ எடுத்தேன். கம்பெனில ஷிப்டுக்கு ஷிப்டு ஹீட்டர் ரீடிங் எழுதறவ நான். அங்க பொய்யா எழுதுனா யாராவது கருகிப் போயிடுவாங்க. அதான், கை வரல."

காலையில் பாஸ் போட்ட பதினான்கு தாள்களையும் அவர் இழுத்துப் புரட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக மேல் வரிகளைப் படித்தார். எல்லாத் தாளிலும் இருநூற்று முப்பது வோல்ட், பாயிண்ட் நாலு மூன்று ஆம்ப்ஸ். எல்லாவற்றுக்கும் கீழே, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், நாற்பது. ஒருவன் ஐந்நூற்று முப்பத்தைந்து என்று சரியாக எழுதி, பிறகு யாருக்கு எழுதுகிறோம் என்று நினைவு வந்து அடித்திருந்தான். பதினொரு வருடமாகத் தான் இந்த ஊரை மட்டமாகப் பார்க்க, ஊர் 'சார், சார்' என்று குனிந்தபடி தன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்களைத் தேடித் தேடி வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான்.

தப்பை ஒத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் கிடையாது. சிந்துஜாவின் தாளில் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எழுத்து அழகா இருக்கு. அதுக்காகப் போடறேன்."

"சரிங்க சார்," என்று வாங்கிக்கொண்டாள். வாசல் வரை போய் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அடுத்தவன் அன்புமணி, நெல்லிக்குப்பத்து ஆள். உள்ளே வந்து, பயபக்தியாகக் கும்பிட்டு, உட்கார்ந்த கையோடு தாளில் எழுதி நீட்டினான். தடை நாற்பது ஓம்.

"பல்பே இன்னும் போடலியேப்பா?"

"எதுக்கு சார், நாப்பதுதான?" என்றான் அன்புமணி, ரொம்ப மரியாதையாக.

தட்சிணாமூர்த்தி சிவப்புப் பேனாவை எடுத்துப் பதிவேட்டைத் திறந்தார். பெயில் என்றால் காரணப் பத்தியில் காரணம் எழுதியாக வேண்டும். 'தடை தவறு' என்று எழுதினால், அதே நாற்பதுக்குப் பாஸ் வாங்கிய பதினான்கு பேரும் மேலே வரிசையாக அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'பல்பு போடவில்லை' என்று எழுதினால், போடாமலே நாற்பது எப்படித் தெரிந்தது என்று மேலிடத்தில் கேட்பார்கள். சிவப்பை மூடிவைத்துவிட்டு, அன்புமணிக்கும் பாஸ் போட்டார்.