அறுபதாவது வண்டி

மார்ச் முப்பத்தொன்று, மணி மூன்று. திரௌபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்கு எதிரே அவள் நடத்தும் பைக் கடையில் இந்த வருஷம் ஐம்பத்தொன்பது வண்டி போயிருக்கிறது. கம்பெனி கேட்டது அறுபது. ஒன்று, ஒன்றே ஒன்று! ஆறு மணிக்குள் அந்த ஒன்றுக்கு பில் போடாவிட்டால் ஏஜென்சியைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

"மேடம், மாவட்டம் பூரா சேல்ஸ் பிச்சுக்கிட்டுப் போகுது. உங்க ஏரியா மட்டும் ஏன் படுத்துக்கிச்சு?" என்று கம்பெனி அதிகாரி இளங்கோவன் காலையிலேயே போனில் குடைந்துவிட்டார்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அந்த மனுஷனுக்குப் புரியாது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக் கிடந்த போன வருஷம்கூட வண்டி விற்றது. அது திறந்து, இறால் கொட்டோ கொட்டென்று கொட்டும் இந்த வருஷம்தான் வியாபாரம் படுத்தது. ஏரியில் இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்தக் கூட்டம் என்று முறை வைத்து வலை போடுவதற்குப் பாடு என்று பெயர். இறால் வந்ததும் பாடும் திரும்ப வந்தது; பக்கத்துக் கோட்டைக்குப்பத்து ஆண்கள் அதை அப்படியே பைக்குக்கும் வைத்துவிட்டார்கள். ஆறு பேருக்கு ஒரு வண்டி, ஆளுக்கு ஒரு நாள். இந்தக் கூத்தை எந்த ரிப்போர்ட்டில் எழுதுவது?

ஆனாலும் அந்தக் குப்பத்தில் இன்னும் எந்த வண்டியிலும் சேராத துளசிங்கம் இருந்தார். வருஷக் கடைசியில் கட்டாயம் எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்காகவே கறுப்பு வண்டி ஒன்றைத் துடைத்து மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தாள்.

மூன்றரைக்கு வந்தார். பாய்ந்து போய் நாற்காலி போட்டாள்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. நம்ம மாரியோட வண்டியில ஏழாவது ஆளா என்னியும் சேத்துக்கினாங்க. ஞாயித்துக்கெழம அது சும்மாதான் நிக்கிதாம்."

"இன்னாண்ணே அநியாயம் இது! ஒங்களுக்கோசரம் மாலை போட்டு வச்சிக்கினு நிக்கிறேன், ஞாயித்துக்கெழமையையும் பாடு போட்டுட்டீங்களா? என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா ஏழு பேரும் கூடுனீங்க?"

அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. வாசலில் எலிசபெத் நின்றிருந்தாள். ஏரியில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களில் ஒருத்தி. இடுப்பில், பிடித்த இறாலைப் போட்டு வைக்கும் ஈரம் சொட்டும் ஓலைப்பறி.

"துளசிங்கண்ணே, அந்த வண்டியில எங்களுக்கும் ஒரு நாளு குடுப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "வலை இருந்தாத்தான் பாடு. கையால தடவுறவங்களுக்கு ஏது மொறை?"

"சரி." எலிசபெத் பறியைக் கீழே வைத்தாள். "அக்கா, அந்தக் கறுப்பு வண்டிக்கு பில்லு போடு."

திரௌபதிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"கூடை நாறுதுனு கண்டக்டரு ஏத்த மாட்டேங்கிறான். கரையிலயே வந்த வெலைக்குத் தள்ள வேண்டியதா இருக்கு. நாங்க நாலு பேரு சேந்து வாங்குறோம். மகளிர் குழுக் காசு கையில இருக்கு."

"ஓட்டுறது யாரு?"

"நான்தான். லைசென்ஸ் எடுத்து ஒரு வருசமாச்சு. தெனம் ஒன் கடை வழியாத்தான் போறேன். இன்னா வேணும்னு ஒரு நாளாவது கேட்டியாக்கா?"

சுரீரென்றது. கேட்கவில்லைதான். வருஷம் பூரா ஆண்கள் பின்னாலேயே அலைந்தவள், வாசலைத் தாண்டிப் போனவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது; அதற்கு மேல் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு காகிதத்திலும் கையெழுத்து வாங்கினாள். ஐந்து ஐம்பதுக்கு பில் வெளியே வந்தது.

"அறுபது சார்! அறுபது!" என்று போனில் கத்தினாள். "அடுத்த வருஷம் எண்பதுன்னாலும் போடுங்க. என் ஏரியாவுல பாதிப் பேரை நான் இன்னும் கேக்கவே இல்ல."

வெளியே எலிசபெத் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு முறுக்கு முறுக்கினாள். துளசிங்கம் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஞாயிறு வரைக்கும் எனக்கு மொறை வராதும்மா. நடுவுல ஒரு நாளு இத்தக் குடுத்தீன்னா..."

"கையால தடவத் தெரியுமாண்ணே?" என்றாள் எலிசபெத். "அது தெரிஞ்சாத்தான் இதுல மொறை."