பஃப் கை வைத்த ரவிக்கை

செவ்வாய்க்கிழமை காலை பவளக்கொடியின் பால்கனியைப் புறாக்கள் எடுத்துக்கொண்டன. சண்டை எதுவும் நடக்கவில்லை. அவள் கதவைத் திறந்தபோது தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருந்தன. நடுவில் இரண்டு முட்டைகள். ஆண்புறா அவளைப் பார்த்துத் தலையசைத்தது. அவளும் தலையசைத்தாள். மெஷினை உள்ளே இழுத்தபோது புறாக்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன.

பவளக்கொடிக்கு ஐம்பத்திரண்டு வயது. உறையூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். இருபது வருடமாக அந்தப் பால்கனி வெளிச்சத்தில்தான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. உள்ளே உட்கார்ந்து தைத்த முதல் ரவிக்கைக்கே இரண்டு இடது கை அமைந்துவிட்டது. அடுத்துத் தைக்க வேண்டியதோ கல்யாண ரவிக்கை. ஐந்தாவது மாடி ஹேமப்ரியாவுக்கு. மூன்று வாரத்தில் முகூர்த்தம்.

அவள் சங்க அலுவலகத்துக்குப் போனாள். அன்று இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் இன்னும் நாலு மாடி இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். அவள் கோலத்தை மிதிக்காமல் இறங்கினாள்.

சங்கச் செயலாளர் தில்லைநாயகம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பால்கனி யார் பேர்லம்மா இருக்கு?"

"என் பேர்லதான் சார்."

"முட்டை?"

"முட்டை புறாவோடது."

"அப்ப பால்கனியும் அதோடதுதான். முட்டை வச்சிருக்கவங்களை எழுப்பக் கூடாது. நீங்க ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் நல்லா யோசித்தாள். "இல்லைங்க."

"அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லை. பயமுறுத்திப் பார்க்கலாம். அதுக்கு விதி இடம் குடுக்குது."

"பிளாஸ்டிக் ஆந்தை வைப்பாங்களே சார், அதுல ஒண்ணு குடுங்க."

"ஸ்டாக் இல்லை." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானே வர்றேன்."

தில்லைநாயகம் பால்கனிக் கைப்பிடிச் சுவரில் ஏறிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணை அகல விரித்துக்கொண்டார். முதல் நாள் அவருடைய கழுத்து தோள்வரை திரும்பியது. மறுநாள் முதுகுவரை திரும்பியது. புறாக்கள் பயப்படவில்லை. பெண்புறா கொஞ்ச நேரம் அவர் தலையில் உட்கார்ந்து பார்த்தது. மத்தியானம் அவருடைய மனைவி டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கொண்டுவந்தாள். அவர் மெல்லாமல் விழுங்கினார். இறங்கி வரச் சொன்னதற்கு, "டியூட்டியில இருக்கேன்" என்றார்.

வியாழக்கிழமை சமையலறை ஜன்னலில் ஒரு தையல்சிட்டு வந்து உட்கார்ந்தது.

இலையைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிட்டுக்காகவே பவளக்கொடி ஜன்னலோரம் கத்தரிச்செடி வளர்த்தாள். வருடா வருடம் அதற்கென்று நூல் துண்டுகளை வெளியே வைப்பாள். வருடா வருடம் அது நூலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாதாமரத்துக்குப் போய்விடும்.

"இங்க தைக்கிறது யாரு?" என்று சிட்டு கேட்டது.

"நான்தாங்க."

"தச்சதைக் காட்டுங்க."

அவள் கல்யாண ரவிக்கையைக் காட்டினாள். அரக்கு நிறப் பட்டு. பஃப் கை. சிட்டு இடது கைக்குள் போய், சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"இதுக்குள்ள என்ன வைப்பீங்க?"

"ஒண்ணும் வைக்க மாட்டோம். சும்மா உப்பலா இருக்கும்."

"இவ்வளவு இடத்தைச் சும்மாவா விடுவீங்க?"

"ஃபேஷனுங்க."

சிட்டு நூல் கேட்டது. பவளக்கொடி அரக்கு நூல்கண்டை எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். அவள் துணியைக் கண்ணருகே கொண்டுபோகும் போதெல்லாம் சிட்டு, "விரல் பார்த்துக்கும், விடுங்க" என்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தைத்தாள். தையல் நேராக வந்தது. இருபது வருடத்தில் அவளோடு உட்கார்ந்து தைத்தவர்கள் யாரும் இல்லை. அன்று அவள் மத்தியானம் சாப்பிடவே மறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமப்ரியா ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தாள்.

"அக்கா, இடது பக்கம் வெதுவெதுன்னு இருக்கே."

"முட்டை இருக்கும்மா."

"எத்தனை?"

"மூணு."

ஹேமப்ரியா கண்ணாடியில் பார்த்தாள். பவளக்கொடி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். "பிரிச்சுடவாம்மா? உன் கல்யாணம். நீ சொல்றதுதான்."

ஹேமப்ரியா இப்படித் திரும்பிப் பார்த்தாள். அப்படித் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம்கா. இப்பதான் பஃப் சரியா நிக்குது."

இந்தப் பேச்சு தில்லைநாயகத்தின் காதில் விழுந்தது. அவர் கழுத்தை மட்டும் உள்ளே திருப்பி, "அப்ப உங்க தரப்புலயும் முட்டை இருக்கு" என்றார். பால்கனியின் நடுவில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னார். மெஷின் ஒரு பாதிக்குத் திரும்பி வந்தது. மறுபாதியில் புறாக்கள். மெஷின் ஓடும் தாளத்துக்கு ஏற்றபடி புறாக்கள் குனுகின. மெஷின் நின்றால் அவையும் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தன. நாலாம் நாள் பவளக்கொடி அவற்றுக்குத் தின்னக் கம்பு தானியம் வாங்கி வைத்தாள். ஏன் என்று அவளையே அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹேமப்ரியா ரவிக்கையோடு தினமும் வந்து வெயிலில் உட்கார்ந்தாள். சிட்டு அவளுடைய இடது கைக்குள் அடைகாத்தது. மாப்பிள்ளை போனில் கூப்பிட்டான்.

"என்ன பண்றே?"

"உட்கார்ந்திருக்கேன்."

"எந்திரிச்சப்புறம்?"

"எந்திரிக்கக் கூடாதாம்."

"சரி, பத்திரமா உட்காரு" என்றான் மாப்பிள்ளை. நல்ல பையன்.

முகூர்த்தத்தன்று நாதஸ்வரக்காரர்கள் மூச்சை அடக்கி வாசித்தார்கள். மாலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டார்கள். மூன்றாவது முடிச்சு விழுந்தபோது மூன்றாவது முட்டையும் பொரிந்தது. எல்லோரும் அட்சதையைத் தரையைப் பார்த்துப் போட்டார்கள்.

மறுநாள் காலை பெண்ணும் மாப்பிள்ளையும் கரூருக்குக் கிளம்பினார்கள். பவளக்கொடி பஸ் நிலையம்வரை போனாள். ஹேமப்ரியா இடது கையை லேசாகத் தூக்கியபடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன்சீட்டுக் கம்பியில் சிட்டு உட்கார்ந்தது. அது பவளக்கொடியின் பக்கம் திரும்பவில்லை. இனி யாரோடு தைப்பது என்று அவள் நினைத்தாள். கண்டக்டர் தகராறு பண்ணி எல்லோரையும் இறக்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டாள். உடனே வெட்கப்பட்டாள்.

கண்டக்டர் வந்தார். கண்டிப்பான ஆள்.

"கரூர் ரெண்டு" என்றான் மாப்பிள்ளை.

கண்டக்டர் கம்பியைப் பார்த்தார். "இவங்க?"

"கூட வர்றாங்க."

"அப்ப மூணு." கிழித்துக் கொடுத்தார். பிறகு குனிந்து பஃப் கைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே மூன்று வாய்கள் திறந்திருந்தன. ஹேமப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பவளக்கொடியும் பிடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் நிமிர்ந்தார்.

"கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.