முதலில் காட்டும் வீடு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரியல் எஸ்டேட் தரகர்கள் சங்கத்தின் அலுவலகத்தில், தலைவர் அறையில், அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார். அவர் பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது, அவர் ஸ்பூன் தேடினார். நான் எழுந்து வந்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இன்னும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

[அந்த வாக்கியம் நான்காம் பகுதியில் வரும். உங்களை இழுத்தடிக்க ஆசையில்லை. இப்போது சொன்னால் புரியாது, அவ்வளவுதான்.]

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"மாநிலத் தேர்தல்களில் வணிகச் சங்கங்களின் பங்கு என்பது ஜனநாயகத்தின்…" வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

"அக்கா வேட்புமனு கொடுத்த அன்று மழை கொட்டி…" பொய். மண்டையைப் பிளக்கிற வெயில்.

"அக்கா வீடு காட்டுவாள்." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

2

அக்கா வீடு காட்டுவாள். விற்பனைக்கு, வாடகைக்கு, எதற்கானாலும். அவள் காட்டுகிற வீடுகளுக்கு விளம்பரம் எழுதுவது நான். சன்னல் சின்னதாக இருந்தால் "கதகதப்பான அறைகள்" என்று எழுதுவேன். ரயில் ஓடும்போது அலமாரிப் பாத்திரம் ஆடும் வீட்டுக்கு "போக்குவரத்து வசதி மிக அருகில்". கதை எழுதுவது என் ஆசை, விளம்பரம் எழுதுவது என் சாப்பாடு.

இந்தத் தொழிலில் "முதல் வீடு" என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வந்ததும், விற்க நினைக்கிற வீட்டுக்கு நேராகக் கூட்டிப் போக மாட்டார்கள். சுவரில் ஈரம் ஊறிய, பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஒரு வீட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். விலை மட்டும் கூசாமல் சொல்வார்கள். வந்தவர் முகம் சுண்டிப்போகும். அப்புறம்தான் உண்மையில் விற்க நினைக்கிற இரண்டாவது வீடு. அது ஒன்றும் அரண்மனை இல்லை, சுமாரானதுதான். ஆனால் உள்ளே நுழைந்ததுமே "அப்பாடா, இது பரவாயில்லையே" என்று மூச்சு விடுவார்கள். அந்த மூச்சு வந்துவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரி. அக்கா இதில் கெட்டிக்காரி. எங்கள் பகுதித் தரகர்கள் எல்லோரும் முதல் வீடாகக் காட்டுகிற ஒரு வீடு இருக்கிறது. அதைத் தப்பித்தவறி யாராவது வாங்கிவிட்டால் சங்கத்துக்கே தலைவலி, முதலில் காட்ட வேறு வீடு தேட வேண்டும்.

அதே அக்காதான், கைக்குழந்தையோடு இருந்த ஒரு குடும்பத்தை உடனே காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரிடம் தெருவில் நின்று சண்டை போட்டாள். "பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டு எங்க போவாங்க? மனுஷனாய்யா நீ?" அந்த வீட்டுக்காரர் அதன்பிறகு அவளிடம் வரவே இல்லை.

[இதுவரை படித்த தோழி ஒருத்தி, "உன் அக்காவை ரொம்ப நல்லவளா எழுதறே, நம்பற மாதிரி இல்ல" என்றாள். சரி. அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரிடம் பேனா வாங்கினாலும் திருப்பித் தர மாட்டாள். கட்டின புருஷன், எங்கள் மாமாவை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவிட்டதில்லை. இப்போது நம்புகிறீர்களா?]

3

தேர்தல் வந்தது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, ஆறு மாத அவகாசம் கொடுக்காமல் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு. சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. சட்டமன்றத்தில் நம் ஆள் ஒருவர் இருந்தால்தான் தடுக்க முடியும் என்று கூட்டம் போட்டார்கள். தலைவர் எழுந்து அக்கா பேரைச் சொன்னார். சுயேச்சையாக நிற்கட்டும், செலவு சங்கத்தினுடையது.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரொட்டியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூக்கு இவ்வளவு பெருசாவாடி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். மாமா பதில் சொல்ல வாய் திறந்தார், வழக்கம்போல முடிக்கவில்லை.

மேடைப் பேச்சை எழுதுவது நான். என்ன பேச வேண்டும் என்பதைத் தலைவர் சொல்வார். "காரமா எழுதுங்கம்மா. சுத்தி வளைக்க வேண்டாம்." காரமாக எழுதினேன். "வாடகை கொடுக்க முடியாதவருக்கு வீடு எதற்கு?" என்று எழுதினேன். "பெட்டி கட்ட ஒரு வாரம் போதாதா?" என்று எழுதினேன். அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி, வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேடைக்குப் போனாள். அவளுக்கு உடன்பாடு என்று நான் நினைத்துக்கொண்டேன். சட்டமன்றம் போகிறவர்கள் இப்படித்தான் மாறுவார்கள்போல என்றுகூட நினைத்தேன்.

ஜனங்கள் கொதித்தார்கள். அக்காவைத் தெரிந்தவர்களே அவளைக் கண்டதும் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். அதே தொகுதியில் தலைவரின் மருமகன் ஒரு கட்சிச் சின்னத்தில் நின்றான். மழமழவென்று இருப்பான், அதிர்ந்து பேச மாட்டான். "ஒரு வாரமெல்லாம் அநியாயங்க. ஒரு மாசமாவது கொடுக்கணும்" என்றான். கூட்டம் கைதட்டியது. ஆறு மாதம் என்ற பேச்சே காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

நானும்தான் கவனிக்கவில்லை. இரண்டாம் பகுதியைப் படித்துவிட்டு வந்த நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

4

பேச்சின் சூட்டைக் கொஞ்சம் தணிக்கலாமா என்று கேட்கத்தான் தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், அக்காவை எல்லாரும் திட்டுறாங்க."

"திட்டட்டும்மா. நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

"இதுவா சார் நல்லா போறது?"

அவர் பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்தார். "என்னம்மா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? நம்ம தொழில்தானே இது. உங்க அக்காதான் முதல் வீடு. ரெண்டாவது வீடு நம்ம மாப்பிள்ளை."

அவர் குரலைத் தாழ்த்தவில்லை, கதவைச் சாத்தவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. திருட்டுத்தனம் என்றால் ஒளித்துச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

"அக்காவுக்குத் தெரியுமா சார்?"

"தனியா வேற சொல்லணுமாம்மா? தினமும் அவங்க செய்யறதுதானே. புரிஞ்சிருக்கும்."

"தேர்தல் முடிஞ்சப்புறம் அவகிட்ட யார் சார் வீடு பார்க்க வருவாங்க?"

அப்போதுதான் பிஸ்கட் உடைந்தது. அவர் ஸ்பூன் தேடினார்.

5

இங்கே கதை மூன்று பக்கம் பிரிகிறது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

அக்காவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், சங்கத்தைக் கவிழ்க்கக் காத்திருந்தாள் என்று ஒரு முடிவு. எழுதும்போது கை துறுதுறுவென்று ஓடியது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. இருபது வருடம் மற்றவர்களுக்கு முதல் வீட்டைக் காட்டியவளுக்கு, தானே அதுவாக நிற்பது தெரியவில்லை. உள்ளே நின்றுகொண்டு பார்த்தால் எந்த வீடும் வீடாகத்தான் தெரியும்.

அக்கா ஜெயித்துவிடுகிறாள் என்று இன்னொன்று. நடக்கக்கூடியதுதான். எப்போதாவது ஒரு கிறுக்கு வாடிக்கையாளர் முதல் வீட்டையே பிடித்துப்போய் வாங்குவதுண்டு. ஆனால் அவள் ஜெயித்தால் நான் எழுதியதெல்லாம் அல்லவா ஜெயிக்கும்? பெட்டி கட்ட ஒரு வா… போதும். இதை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவதில் நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. தேர்தல் முடிகிறது, மருமகன் ஜெயிக்கிறான், அக்கா ஏன் தோற்றோம் என்று தெரியாமலே காலம் தள்ளுகிறாள். இதுதான் எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே இதையும் அடித்தேன்.

6

சொன்னேன்.

மத்தியானம். அக்கா ஓட்டுக் கேட்டு அலைந்துவிட்டு வந்து, வெந்நீர் வாளிக்குள் கால்களை வைத்திருந்தாள். மாமா உள்ளே தட்டு எடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா எழுந்து கத்துவாள், சங்கத்துக்கே போய் அந்த டீயை அவர் தலையில் கவிழ்ப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கால்களை வெளியே எடுக்கவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.

"நான் மேடையில பேசினேன்ல, அதைக் கேட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தாங்களா?"

"இல்லக்கா. ஆரம்பத்திலேயே முடிவு பண்ணிட்டாங்க. அதுக்காகத்தான் அப்படிப் பேசவே வச்சாங்க."

"எனக்கு அதெல்லாம் வாயிலேயே வரலடி. பெட்டி கட்ட ஒரு வாரம்னு சொல்றப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு."

"அப்புறம் ஏன்க்கா படிச்சே? வேண்டாம்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எழுதினதாச்சே. தலைவர் எழுதிக் கொடுத்திருந்தா தூக்கிப் போட்டிருப்பேன். என் தங்கச்சிக்கு என்னைத் தெரியும், நான் இப்படித்தான் போலன்னு நினைச்சுப் படிச்சேன்."

மாமா தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டார்.

[இந்த இடத்தில் நான் ஏதோ பதில் சொன்னதாக ஒரு வரி எழுதியிருந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.]

7

மனுவைத் திரும்பப் பெறும் நாள் கடந்துவிட்டது. அன்று மாலை கடைசிப் பொதுக்கூட்டம். அக்கா என்னிடம் பேச்சு கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, மாமாவோடு ஆட்டோவில் ஏறினாள். எனக்கு இடம் இருந்தது, கூப்பிடவில்லை. நான் பின்னால் நடந்து போனேன்.

தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மருமகனும் வந்திருந்தான், மரியாதைக்காம். கூட்டத்தில் பாதிப்பேர் அக்காவைக் கூச்சல் போட்டு இறக்கவே வந்தவர்கள். அவள் வெறுங்கையோடு மைக் முன்னால் போய் நின்றாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கேட்டேன். எனக்கு நல்ல ஞாபகசக்தி, ஒரு எழுத்து விடாமல் இங்கே எழுத முடியும். எழுத மாட்டேன். அவள் வாயில் நான் வைத்த வார்த்தைகள் போதும்.

அவள் என்ன பேசினாள், கூட்டம் என்ன செய்தது, ஓட்டு எண்ணியபோது என்ன வந்தது என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் அக்காவிடமே போய்க் கேளுங்கள். உங்களிடம் சொல்வாள். என்னிடம் அவள் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.