வியாழக்கிழமைப் பிள்ளை

இரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றிய டாக்டர் ரெத்னோ அதை மறுபடியும் கட்டி அளந்தார். அதுவே வூர்யானிக்குப் பாதி சேதியைச் சொல்லிவிட்டது. ஒன்பதாம் மாதம் நடக்கிறது. கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தன. மாத்திரைக்கும் அழுத்தம் இறங்கவில்லை, நாளைக் காலை மருந்து வைத்து வலி வரவழைத்துவிடலாம் என்றார் டாக்டர். குழந்தை இரண்டு கிலோதான் இருக்கும், கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடக்க நேரலாம். இன்னும் ஒரு வாரம் உள்ளே இருந்தால் அதற்கு நல்லதுதான். ஆனால் தாய்க்கு வலிப்பு கண்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. தலைவலி உண்டா, கண்ணில் ஏதாவது மின்னுகிறதா என்று கேட்டார். வூர்யானி இல்லை என்றாள்.

இரண்டுமே இருந்தன. விழித்ததிலிருந்து சுவரோரமாக வெள்ளிப் பொட்டுகள் மிதந்துகொண்டிருந்தன. சொன்னால் பிள்ளையை இப்போதே வெளியே எடுத்துவிடுவார்கள். ஆறு வருஷம் ஏங்கிப் பெற்ற வயிறு இது. ஒரு நாள் கூடினால் பிள்ளைக்கு ஒரு பிடி சதை கூடும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் தன்னை அவள் சேர்க்கவே இல்லை.

அவளுக்குத் தோதாகக் கணவன் சுகெங்கும் தவணை கேட்டான். க்ளாதென் ஊர் ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்ப்பவன். இயந்திரத்தையும் நம்புவான், நாள் பார்ப்பதையும் நம்புவான். நாளை வியாழன், ஜாவாவின் ஐந்து நாள் சந்தை வாரக் கணக்கில் வாகே. வியாழனும் வாகேயும் கூடிய நாளில்தான் அவனும் பிறந்தான். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே நாள் அமைந்தால் ஒருவர் ஆயுளை மற்றவர் தின்பார் என்பார்கள். ஒரு நாள் தள்ளினால் என்ன என்று அவன் இழுத்தான். டாக்டரும் ஜாவாக்காரிதான், சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

மதியம் மாமியார் துமிரா வாழையிலைப் பொதியில் சோறு கொண்டுவந்தாள். கோழிக்கூடு கட்டவே நாள் பார்க்கிறவள். இவளும் தள்ளிப்போடத்தான் சொல்வாள் என்று வூர்யானிக்குத் தெம்பு வந்தது. பொதியை வாங்கக் கை நீட்டினாள். கை பொதிக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது.

துமிரா பொதியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“எவ்ளோ நேரமா இப்படி?”

“எதும்மா?”

“என் மூஞ்சியப் பாத்துப் பேசு புள்ள.”

வூர்யானி பார்த்தாள். பாதி முகம்தான் தெரிந்தது, மீதி வெள்ளியாக மினுங்கியது. அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டாள்.

“காலையிலேர்ந்து. இன்னும் கொஞ்சம் உள்ள இருந்தா பொழச்சுக்குமேன்னு பாத்தேம்மா.”

“நீ இருந்தாத்தானே அது உள்ள இருக்கும்.”

சுகெங் மெதுவாக நாள் பேச்சை எடுத்தான். துமிரா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒரே நாளுன்னா குப்பையில போட்டு எடுத்துட்டா தோஷம் போச்சு. உனக்கும் உங்கப்பனுக்கும் ஒரே நாளுதான். உன்னையும் அப்படித்தான் போட்டேன், பக்கத்து வீட்டுக்காரி கூட்டி எடுத்தா. அவகிட்ட காசு குடுத்துத் திருப்பி வாங்கினேன் பாரு, அங்கதான் ஏமாந்துட்டேன்.”

தான் குப்பைக்குப் போய்வந்த கதை சுகெங்குக்கு இதுவரை தெரியாது. அசடு வழியச் சிரித்தான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். வூர்யானிக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் தலை பிளந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லி அவளே நர்ஸிடம் கேட்டாள். கண்ணில் மின்னுவதையும் தலைவலியையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அப்புறம் நாளை என்ற பேச்சே இல்லை. முதலில் வலிப்பைத் தடுக்க ஊசி போட்டார்கள், உடம்பெல்லாம் தகித்தது. பிறகு வலி வரவழைக்கும் மருந்தை வைத்தார்கள். பிள்ளை இன்று வருமா, நாளை வருமா, வெள்ளிக்கிழமைவரை இழுக்குமா என்பது தனக்கே தெரியாது என்றார் டாக்டர். ஜாவாக்காரர் கணக்கில் பொழுது சாய்ந்தாலே வியாழன் பிறந்துவிடும். சுகெங் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெயில் தணிந்தபோது வூர்யானி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். வெளியே ரம்புத்தான் மரத்தடியில் துமிரா ஆஸ்பத்திரி கூட்டுகிறவளிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டுகிறவள் தலையாட்டிவிட்டு, விளக்குமாற்றைத் தட்டிச் சரிசெய்து, மரத்தடியைக் கூட்டினாள். துமிராவுக்குத் திருப்தியில்லை, ஓரத்தைச் சுட்டிக்காட்டினாள். அவள் மறுபடியும் கூட்டினாள்.

வூர்யானியின் அடிவயிறு முதல்முறையாக இறுகியது. சுகெங்கின் கையைப் பற்றிக்கொண்டாள். மிதக்கும் பொட்டுகளுக்கு நடுவே, பிள்ளையைப் போடுவதற்காகக் கூட்டிய இடத்தில் ஓர் இலை விழுவது தெரிந்தது. துமிரா குனிந்து அதை எடுத்தாள்.