பதினைந்தாவது பெயர்

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிரிவு நடக்க வேண்டுமானால் பதினைந்து பேராவது சேர வேண்டும். புவியியல் பிரிவில் சரியாகப் பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒரு பெண்ணை கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவள் அம்மா கடிதம் கொடுத்துவிட்டாள். நாளைக்குள் அதைத் திரும்பப் பெறாவிட்டால் பிரிவையே மூடிவிடுவோம் என்றார் தலைமையாசிரியர். மற்ற பதினான்கு பேரும் எங்கே இடமிருக்கிறதோ அங்கே போய் உட்கார வேண்டியதுதான்.

சாயங்காலம் புவியியல் டீச்சர் அந்த வீட்டுக்கே போனாள். மாணவிகள் வைத்த பெயர் குளோப் டீச்சர். ஆளும் கொஞ்சம் உருண்டைதான். அந்த அம்மா தையல் மெஷினில் குனிந்திருந்தாள். தரையெங்கும் வெட்டுத் துணிகள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு மழைநீர் ஏறி இறங்கிய கறை.

"உங்க பொண்ணு கெட்டிக்காரிம்மா. ரப்பர் குழாயில தண்ணி ஊத்தியே இந்தத் தெரு மேடு பள்ளத்தை அளந்து வரைபடம் போட்டிருக்கா. தண்ணி ஏன் உங்க வீட்டுக்கு வருதுன்னு அதுல தெரியுது."

"அதுக்குப் படம் எதுக்கு டீச்சர்? பதினாறு வருஷமா நான்தானே வாளியில அள்ளி ஊத்துறேன்!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தாள். வாசற்படியில் நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தத் தண்ணியை வேற பக்கம் திருப்பத் தெரிஞ்சவங்க வேணுமில்லையா?"

"வேணும்தான். அது என் பொண்ணாவே இருக்கணுமா?" என்று மெஷினை நிறுத்தினாள். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கா. பன்னிரண்டாவது."

"என்ன குரூப்பு?"

வாய்க்கு ஒரு பொய் வந்தது. பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் சொந்த மகளும் இப்படித்தான் பார்த்தாள். "எனக்கு உன் பாடம்தாம்மா வேணும்" என்று அவள் நிரப்பி வைத்த படிவத்தை, "பிழைக்கிற வழியைப் பாருடி" என்று கிழித்துப் போட்டது இதே கைதான்.

"கம்ப்யூட்டர்" என்றாள் டீச்சர்.

அந்த அம்மா குத்திப் பேசவில்லை. "தண்ணி குடிக்கிறீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த அம்மா பள்ளியில் வாங்கி வைத்திருந்த மாற்றுப் படிவத்தில் பாட ஆசிரியர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. டீச்சர் மடியில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"மத்தவங்க எங்க போவாங்க டீச்சர்?" என்றாள் பெண்.

"பாக்கலாம்மா."

டீச்சர் தன் வீட்டுக்கதவைத் திறந்ததும் மகள் கேட்டாள்: "பதினஞ்சு நின்னுதா?"

"பதினாலு."

"ஐயோ! அந்த அம்மா அப்படி என்னதான் சொன்னாங்க?"

செருப்பைக் கழற்ற டீச்சருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"உன்னைப் பத்திக் கேட்டாங்க" என்றாள்.