நாலு அங்குலப் பழி

ரோமாபுரிப் பேரரசு விழுந்ததும் கிட் கார் என்ற ஒன்று உலகில் தோன்றியதும் ஒரே காரணத்தால்தான்: உள்ளதை உள்ளபடி வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்கள். லீக் ஊரின் பழைய கார் சங்கத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தில், 'கறுப்புக் கழுதை' பப்பின் பின்னறையில், ஹோரஸ் ப்ளோர் இதை அறிவித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக அவர் சொல்லவும் இல்லை.

"நல்ல காரோட பாடியைக் கழட்டி எறிஞ்சிட்டு, அந்த சேஸிஸ் மேல ப்ளைவுட்லயும் அலுமினியத்துலயும் முப்பதுகளோட கார் மாதிரி ஒண்ணைக் கட்டி ஏத்துறான். கேட்டா வின்டேஜ் ஸ்டைலாம். செத்தவன் எலும்புக்கு அவன் தாத்தாவோட கோட்டை மாட்டி விடறதுக்குப் பேரு ஸ்டைலா?"

இப்படிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது. அவருடைய 1964 ட்ரயம்ஃப் ஹெரால்டு கார், தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆகஸ்ட் மாதக் கண்காட்சியில் 'அசல் மாறாத கார்' கோப்பையைத் தொடர்ந்து பதினோரு வருடம் வாங்கியிருந்தார். பன்னிரண்டாவது வருடம், அதாவது 1990-இல், ராய் டன்னிக்ளிஃப் வந்தார்.

டன்னிக்ளிஃப் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். சங்கத்தில் சேர்ந்து நாலே மாதம். யாரும் முன்வராததால் நடுவராக்கி விட்டார்கள். மற்ற நடுவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கூடாரத்துக்குப் போவார்கள். டன்னிக்ளிஃப் பாயை விரித்துப் படுத்தார். பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். நாற்பது நிமிடம் ஹெரால்டின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்து கையுறையைக் கழற்றினார்.

"பின்பக்க நம்பர் பிளேட், இடது ஸ்க்ரூ. தலையில பிளஸ் கீறல் இருக்கு. அறுபத்திநாலுல மைனஸ் கீறல்தான் போட்டாங்க. ஒரே ஒரு சொத்தை, ப்ளோர். மத்தபடி பல்வரிசை பிரமாதம்."

கோப்பை எட்னா சால்ட்டின் மோரிஸ் மைனருக்குப் போனது. எட்னா சங்கத்தின் செயலாளர். அவரே எதிர்பார்க்காததால் அதை எடுத்துப்போகப் பைகூடக் கொண்டுவரவில்லை. தேநீர்க் கூடாரத்தில் ஹோரஸ் நடந்துபோகும்போதெல்லாம் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலிக்காரன்போல முனகினார்கள். டன்னிக்ளிஃப் பொய் சொல்லியிருந்தால் ஹோரஸ் மன்னித்திருப்பார். ஆனால் அந்த ஸ்க்ரூவை மழையில் தொலைத்து, நாலு வருடத்துக்கு முன் வேறொன்றை மாட்டியது அவருக்கே நன்றாக நினைவிருந்தது. உண்மையை மன்னிக்க அவருக்கு வழி தெரியவில்லை.

நவம்பரில் அதே டன்னிக்ளிஃப் பின்னறையில் எழுந்து நின்றார். ஹெரால்டு சேஸிஸ் ஒன்று வாங்கியிருக்கிறாராம். அதன்மேல் முப்பதுகளின் பாணியில் இரண்டு இருக்கைக் கார் கட்டப்போகிறாராம். அடுத்த ஆகஸ்ட்டில் அதை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வருவாராம்.

"பல்லுன்னா எனக்குத் தெரியும். ஹெரால்டு சேஸிஸ்னா இந்த மாவட்டத்துல ப்ளோரை விட்டா யாருக்குத் தெரியும்? ஒரு பிளான் மட்டும் வரைஞ்சு குடுத்தீங்கன்னா போதும். ஆனா, கேக்கவே பயமா இருக்கு."

எல்லோரும் ரோமாபுரிக்காகக் காத்திருந்தார்கள். ஹோரஸ் தம் பியர்க் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வரைஞ்சு தர்றேன்," என்றார்.

வீட்டில் அவர் மனைவி க்வென், ஓட்ஸ் மாவில் சுட்ட ஓட்கேக்கின்மேல் சீஸைத் தூவிக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"ரோமாபுரி என்னாச்சு?"

"அது விழுந்து ரொம்ப நாளாச்சு."

"உன் மூஞ்சில சந்தோஷம் தெரியுது, ஹோரஸ். கோப்பை போனதுக்கப்புறம் இப்பதான் பாக்குறேன். எனக்கு இது சரியாப் படலை."

க்வென்னுக்குப் பட்டது சரிதான். ஹோரஸின் மனதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. டன்னிக்ளிஃப் ஆறடி மூன்று அங்குலம். காரின் டாஷ்போர்டுக்கும் இருக்கைக்கும் நடுவே நாலு அங்குலம் குறைத்துவிட்டால், எப்படியோ மடங்கி உள்ளே போய்விடுவார். வெளியே வர முடியாது. ஆகஸ்ட் மாதம், மைதானத்தின் நடுவில், மேயர் முன்னால், இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து, மெதுவாக ஆட்டி ஆட்டி, கடைவாய்ப்பல்லைப் பிடுங்குவதுபோல அவரைப் பிடுங்க வேண்டும்.

பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் கைவைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். அது நல்ல மனதால் அல்ல. செத்தவனுக்கு வெட்கம் வராது.

இதில் ஒரு தொல்லை இருந்தது. பொய்யை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டுமானால் உண்மை முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். நாலு அங்குலம் குறைக்க முதலில் சரியான அளவு வேண்டும். ஆக, சரியான பிளான் ஒன்றை வரைந்து, பிறகு அதைக் கெடுப்பதுதான் ஒழுங்கான முறை. ஹோரஸ் முப்பத்தைந்து வருடம் இயந்திரக் கம்பெனியில் வரைவாளராக இருந்தவர். எதையும் ஒழுங்கான முறையில்தான் செய்வார், துரோகம் உட்பட.

குளிர்காலம் முழுவதும் தம் ஹெரால்டின் அடியில் படுத்து அளந்தார். டேப்பின் மறுமுனையை க்வென் பிடித்துக்கொண்டார். சேஸிஸின் நடுவே மீனின் முதுகெலும்புபோல ஓடும் இரண்டு சட்டங்களை அளந்தார். எஞ்சினை நகர்த்த முடியாது. ஆகவே ரேடியேட்டரை முன்னால் கொண்டுபோக வேண்டும், பானெட்டை நீட்ட வேண்டும், ஓட்டுகிறவரைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தள்ள வேண்டும். அப்போதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. முப்பதுகளின் காரில் ஓட்டுகிறவன் காருக்குள் உட்காருவதில்லை. அதன் கடைசியில் உட்கார்ந்து, முன்னால் நீண்டு கிடக்கும் அத்தனையையும் பிடித்துக்கொண்டு போகிறான். இதைத் தெரிந்துகொண்ட அன்று அவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பென்சிலோடு வந்து உட்கார்ந்தார்.

முன் மட்கார்டின் வளைவை இருபத்துமூன்று தடவை வரைந்தார். ஜனவரியில் காலை உணவு மேசைக்கே தாளைக் கொண்டுவந்துவிட்டார்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காத," என்றார் க்வென். "இந்த வளைவு பழிவாங்குறதுக்கு அவசியமா?"

"பழியில அரைகுறை இருக்கக் கூடாது."

"அதான் பாத்தேன். அரைகுறையா வாங்குற பழிக்கு நேரா ஒரு கோடு போதுமே."

பிப்ரவரி முடிவில் இரண்டு தாள்கள் தயாராயின. ஒன்று சரி. இன்னொன்றில் இருக்கை மட்டும் நாலு அங்குலம் முன்னால் வந்திருந்தது. மற்றதெல்லாம் அச்சு அசல். சரியானதைச் சுருட்டி அலமாரிமேல் போட்டார். தவறானதன் வலது கீழ்மூலைக் கட்டத்தில், 'வரைந்தவர்: ஹோ. ப்ளோர். சரிபார்த்தவர்: ஹோ. ப்ளோர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். யோசித்துச் செய்யவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் தாளை அவரால் வீட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது.

மார்ச்சில் தாளைக் கொடுக்கப் போனார். டன்னிக்ளிஃபின் கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே வெறும் சேஸிஸ், அதன்மேல் கவிழ்த்த தேயிலைப் பெட்டி, அதன்மேல் டன்னிக்ளிஃப். கையில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்போலப் பிடித்து, இடப்பக்கம் சாய்ந்து, "ட்ர்ர்ர்ர்" என்று வாயால் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஹோரஸ் வாசலிலேயே நின்று அதை முழுதாகப் பார்த்தார். பிற்பாடு பின்னறையில் சொல்லத் தேவைப்படும்.

"வாங்க ப்ளோர்," என்றார் டன்னிக்ளிஃப், தட்டை விடாமல். "கிட் கார் கட்டுறவங்க எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்களாம். உக்காந்து பாக்காம அளவு பிடிபடாதாம்."

"அறுபது வயசு ஆளு வாயால வண்டி ஓட்டி நான் பாத்ததில்லை."

"ஓட்டறது சுலபம். கியர் மாத்துறப்ப சத்தத்தை எறக்கணும் பாருங்க, அதுதான் வரமாட்டேங்குது."

"உங்க வயசுக்கு ஹாரன் அடிக்காம இருக்கீங்களே, அதுவே பெருசு."

டன்னிக்ளிஃப் சிரித்தார். தாளை வாங்கி விரித்தார். விரலால் மட்கார்டின் வளைவைத் தொட்டார்.

"இவ்வளவு அழகா இருக்கும்னு நினைக்கலை. அந்த ஸ்க்ரூ விஷயத்துக்கு அப்புறமும் நீங்க எனக்கு இதைச் செஞ்சு குடுத்திருக்கீங்க."

"எந்த ஸ்க்ரூ?" என்றார் ஹோரஸ்.

அதன்பின் அவர் நாட்களை எண்ணினார். மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை டன்னிக்ளிஃப் நொண்டிக்கொண்டே பின்னறைக்கு வந்து எழுந்து நின்றார்.

"நான் விட்டுட்டேன். பிளான்ல இருக்கிறபடியே ப்ளைவுட்ல மாதிரி ஒண்ணு செஞ்சு உக்காந்து பாத்தேன். முழங்கால் காதைத் தொடுது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து இழுத்துத்தான் வெளிய வந்தேன். வேற யாராவதா இருந்தா பிளான் மேல பழி போடுவாங்க. பல் செட்டு பொருந்தலைன்னா ஈறைப் பாருன்னு முப்பத்தெட்டு வருஷமா சொன்னவன் நான். இது ப்ளோர் கையெழுத்துப் போட்ட பிளான். தப்பு என் கால்லதான். சேஸிஸை டார்பி ஊர்க்காரர் ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்."

பின்னறை கைதட்டியது. இப்படி உண்மை பேசுகிற மனிதரைப் பார்த்து நாளாகிறது என்று யாரோ சொன்னார்கள்.

ஹோரஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கல் நடந்தே விட்டது. மேயர் இல்லாமல், கூட்டமில்லாமல், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் முன்னால். ஆகஸ்ட்டை இரண்டாவது தடவையாக அந்த மனிதர் அவரிடமிருந்து பறித்திருந்தார்.

"ஆனா இதை வீணாக்கக் கூடாது," என்று டன்னிக்ளிஃப் பழுப்புக் காகிதத்தைப் பிரித்தார். பிளான் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. "சங்கத்துக்கு என் அன்பளிப்பு."

கணப்புக்குமேல் மாட்டினார்கள். எட்னா சால்ட் அதற்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்தார். "இதை நம்ம செய்தி மடல்ல போடப்போறேன். நாட்டுல இருக்கிற எல்லா ஹெரால்டு சங்கத்துக்கும் ஒரு பிரதி."

"வேண்டாம், எட்னா."

"அடக்கமா? உங்களுக்குப் பழக்கமில்லாததை இந்த வயசுல எதுக்குத் தொடங்குறீங்க?"

ஜூனில் கடிதங்கள் வந்தன. கார்லைலில் இருந்து ஒருவர், திரு. ப்ளோரின் காரை ஓட்டப்போகும் குழந்தைக்கு லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தார். நார்விச்சில் ஒருவர், இருக்கைக்கு முன்னால் நாலு அங்குலம் காணாமல் போயிருக்கிறது, கண்டெடுத்தால் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார். ஸ்வான்சீ அம்மையார்தான் மோசம். அவர் கேலி செய்யவில்லை. வயதாகும்போது கண்ணும் கணக்கும் இப்படித் தடுமாறுவது சகஜம், தம் கணவருக்கும் இருந்தது, மனம் தளர வேண்டாம் என்றிருந்தார். எட்னா எல்லாவற்றையும் சட்டத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் குத்தி வைத்தார்.

"கவலைப்படாதீங்க," என்று டன்னிக்ளிஃப் ஹோரஸின் தோளில் கைவைத்தார். "கார்லைல் ஆளுக்கு நானே பதில் எழுதிட்டேன். ப்ளோர் கணக்குல பிசகவே மாட்டார், நீங்க உங்க காலை அளந்து பாருங்கன்னு."

கடிதங்களை ஹோரஸ் தாங்கியிருப்பார். அந்தக் கையை அவரால் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே கெடுத்தேன் என்று சொன்னால் அயோக்கியன். சொல்லாவிட்டால் நாடு முழுவதும் அளக்கத் தெரியாத கிழவன். இதற்கு நடுவே, டன்னிக்ளிஃபின் கருணை வேறு. பழி வாங்கப்போன இடத்தில் அந்தப் பல்வைத்தியர் அவருக்கு வக்கீலாக நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிமேலிருந்த தாளை எடுத்துச் சமையலறை மேசையில் விரித்தார். க்வென் வந்து பார்த்தார்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டேன்."

"காட்டினா, கடுதாசி பாத்துத் திருத்திட்டான்னு சொல்லுவாங்க. கட்டிக் காட்டணும். அடுத்த வருஷம் ஆகஸ்ட்டுல ஓட்டிட்டு உள்ள போகணும்."

"எந்த சேஸிஸ் மேல? டன்னிக்ளிஃபோடது டார்பிக்குப் போயிடுச்சு."

ஹோரஸ் கராஜ் பக்கம் பார்க்கவே இல்லை. அவர் பார்க்காத விதத்திலேயே க்வென்னுக்குப் புரிந்துவிட்டது.

"பதினோரு கோப்பை, ஹோரஸ்."

"அதுல ஏற்கெனவே ஒரு ஸ்க்ரூ பிளஸ்ஸு," என்றார்.

சனிக்கிழமை காலை கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். ஹெரால்டு துண்டு துண்டாகக் கழலும் கார். கூரையின் போல்ட்டுகள் முதலில் வந்தன. பிறகு பானெட், பின்பகுதி, முன்பகுதி. இருபத்தேழு வருடமாக அசையாத ஒரு போல்ட்டுக்கு மட்டும் அவர் நின்று, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் பாடி முழுவதும் தோட்டத்துக் கொட்டகையில் போர்வைக்கு அடியில் இருந்தது. சேஸிஸ் சிமென்ட் தரையில் கறுப்பாகக் கிடந்தது.

"டன்னிக்ளிஃபை முதல் சவாரிக்குக் கூப்பிடணும்," என்றார் ஹோரஸ். "ஓட்டுற சீட்டுக்கு சரியான அளவு. பக்கத்து சீட்டுக்கு மட்டும் நாலு அங்குலம் கம்மி."

"இந்தத் தடவை கையெழுத்துப் போடாத," என்று சொல்லிவிட்டு க்வென் தேநீர் போடப் போனார்.

அவர் காலடி ஓசை அடங்கும் வரை ஹோரஸ் காத்திருந்தார். டேப்பை எடுத்து இருக்கையின் இடத்தைக் குறித்தார். மறுபடி அளந்தார். தாளில் இருந்த எண் சரிதான். ஆனால் எண் மட்டும் போதவில்லை. ஆப்பிள் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டினார். முன்னால், இன்னும் இல்லாத பானெட் வெகுதூரம் நீண்டு கிடந்தது. பெயின்ட் டப்பாவின் மூடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ட்ர்ர்," என்றார், தமக்கு மட்டும் கேட்கும்படி. இரண்டாவது கியருக்கு மாற்றும்போது சத்தத்தை இறக்கினார்.