மெஸ்காரர் மேல் விழுந்த பழி

ஃபாக்டரி ஸ்டோர்கீப்பர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள் தெருவெல்லாம் ஒரே பேச்சு, மெஸ் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதாம். கதையைக் கட்டியவர் அவருடைய அண்ணன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி மனைவியைத் தனியே கூப்பிட்டார்.

"சாகப் பார்த்தான்னு வெளியில தெரிஞ்சா அவ்வளவுதான்மா. என் பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம். பரம்பரைக் கோளாறுன்னு ஒதுக்கிடுவாங்க. மெஸ்ல சாப்பிட்டது சேரலைன்னு சொல்லிடு."

அவள் தலையாட்டினாள். அந்த நேரத்தில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பாள். மனநலப் பிரிவுக்கு அழைத்து வரும்படி டாக்டர் சொன்னதையும் அண்ணனே, "அதெல்லாம் வேண்டாம், தேறிடுவான்" என்று தட்டிக்கழித்துவிட்டார்.

ஃபாக்டரியில் ஸ்டோர்கீப்பரிடம் வேலை பழகியவனையே அவருக்கு மேலே உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பற்றி அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அது மட்டும்தானா காரணம் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

பார்க்க வந்த சொந்தபந்தமெல்லாம் வயிற்றை விசாரித்தது. நாத்தனார் காரத்தைக் குறைக்கச் சொன்னாள். சித்தப்பா ஒருவர், "நாக்கைக் கட்டுடா, வயிறு தானா கட்டும்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். ஸ்டோர்கீப்பர் எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். அவர்கள் போனபின் வீட்டில் பேச்சே இருக்காது. குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டால் அவள் கதவருகே போய் நின்றுகொள்வாள். கேட்டுவிடலாமா என்று வாய்வரை வரும். கேட்டால் மறந்ததை நாமே கிளறிவிட்டதாகிவிடுமோ என்று விழுங்கிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்காரர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, உங்ககிட்ட சண்டைக்கு வரலை. ஃபாக்டரி ஆளுங்க பாதிப் பேர் என் கடைப்பக்கமே வர்றதில்லை. அடுப்படியைச் சோதனை போடக்கூட ஆள் வந்துட்டுப் போயாச்சு. ஆனா சார் அன்னிக்கு என் கடையில சாப்பிடவே இல்லையே?"

"அது வந்துண்ணே..." என்று அவள் இழுத்தாள்.

உள்ளறைக் கதவைப் பிடித்தபடி ஸ்டோர்கீப்பர் வந்து நின்றார்.

"உங்க சாப்பாடு இல்லைங்க. நான்தான். சாகணும்னு நினைச்சேன்."

மெஸ்காரர் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இப்ப எப்படி சார் இருக்கீங்க?"

"இன்னும் நல்லா இல்லை."

இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவர் வாயால் அவள் இப்போதுதான் கேட்டாள். மெஸ்காரர் எழுந்து அவர் தோளைத் தொட்டு, "நான் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன் சார். என் கடை மேல தப்பில்லைன்னு மட்டும் நீங்க நாலு பேர்கிட்ட சொல்லுங்க, போதும்" என்று கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் கேட்டேவிட்டாள்.

"இப்பவும் அந்த நினைப்பு வருதா?"

"வருது. விடியக்காலைல முழிப்பு வந்ததும்."

"வந்தா என்னை எழுப்புவீங்களா?"

அவர் யோசித்தார். "எழுப்பறேன்."

மறுநாள் தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். மெஸ் சாப்பாட்டில் குற்றமில்லை என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்படியானால் வேறென்ன என்று துருவியவர்களிடம், "மனசு சரியில்லை, டாக்டர்கிட்ட காட்டறோம்" என்றாள்.

அண்ணன் வாசலில் நின்று குதித்தார். "குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டியேம்மா!"

"இருக்கட்டும் மாமா. எனக்கு இவர் வேணும்."

அண்ணன் மாதக்கணக்கில் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பெண்ணுக்கு வந்த ஒரு வரன் தட்டிப்போனது. இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வரன் அமைந்தபோது, "கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க" என்று போனில் அழைத்தார். போய் வந்தார்கள்.

மருந்து உடனே வேலை செய்துவிடவில்லை. சில விடியற்காலைகளில் ஸ்டோர்கீப்பர் அவளை எழுப்பினார். வெளிச்சம் வரும்வரை இருவரும் தெருவில் நடந்தார்கள். பிறகு அவர் ஃபாக்டரியில் கேட்டு வேறு பிரிவுக்கு மாறிக்கொண்டார். அங்கிருக்கும் மேனேஜர் ஒரு தொணதொணப்புக்காரர். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததுமே ஸ்டோர்கீப்பர் அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார், சாதம் ஆறும்வரை. அவளுக்குத் தலைவலிதான். ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.